நாற்பது சொல்லுக்குள் ஒரு குழந்தை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவல்காரரிலிருந்து பத்திரிகை ஆசிரியர்வரை எல்லாருக்கும் அவள் கத்திரி அக்கா. கையில் கத்தரிக்கோல் எதுவும் கிடையாது, ஒரு சிவப்புப் பென்சில்தான். ஆனால் பதினொரு வருடமாக அந்தப் பென்சிலால் அவள் வெட்டிய சொற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அலுவலகக் கூரையை முட்டும்.

அவள் பார்த்துக்கொண்டது வாரப் பத்திரிகையின் முப்பத்திரண்டாம் பக்கம். 'பிள்ளை நலம்' என்று தலைப்பு. பெற்றோர் கேட்பார்கள், குழந்தை மருத்துவர் பதில் சொல்வார். ஐந்து கேள்வி, ஐந்து பதில். கேள்வி நாற்பது சொல்லைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு அறுபது, எழுபது கடிதம் வரும். அந்தக் கடிதங்களைப் படித்துப் பார்த்தால்தான் அவள் பாடு தெரியும். பிள்ளைக்கு நான்கு நாளாகச் சளி என்று எழுத உட்காரும் அம்மா, பிரசவ வலி எடுத்த காலையிலிருந்து தொடங்குவாள். மாமியார் சொன்னது, நாத்தனார் சொன்னது, தன் அம்மா அதற்கு மறுப்புச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்துபோகும். சளி மூன்றாம் பக்கத்தில் கடைசி வரியில் எட்டிப் பார்க்கும். அப்பாக்கள் எழுதினால் நேர் எதிர். 'மகன் சாப்பிடுவதில்லை. தீர்வு?' என்று தந்தி அடிப்பார்கள். மகனுக்கு வயது மூன்றா பதிமூன்றா என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஆசிரியர் ஒரு விதியைச் சொல்லிவிட்டார். எழுதியவரின் தனிப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும், பொதுப் பிள்ளையை வைக்க வேண்டும். படிக்கிற ஒவ்வொரு அம்மாவும் இது தன் கேள்வி என்று நினைக்க வேண்டும். கத்திரி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மச்சம், இரட்டைச் சுழி, குறைமாதம், பெரியப்பா மகனுக்கும் இதே மாதிரி என்பதெல்லாம் போய்விடும். மிச்சம் இருப்பது வழவழவென்று ஒரு கேள்வி, யார் வீட்டுக் குழந்தைக்கும் பொருந்துகிற மாதிரி. அதில் அவளுக்குப் பெருமைதான். பெருமைப்படும்படியாகவே செய்தாள். வீட்டில் கணவர் ஏதாவது கதை தொடங்கினால்கூட, "நாலு வார்த்தைல சொல்லுங்க" என்பாள். அந்த மனிதரும் பழகிப்போய் நான்கு வார்த்தையிலேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு டாக்டருக்குப் போன். டாக்டர் நல்ல மனிதர், அறுபதைத் தொட்டவர், மூச்சுவிட நேரமில்லாதவர். காலை நோயாளிகளுக்கும் மாலை நோயாளிகளுக்கும் நடுவே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் பதில் சொல்வார். முழுக் கடிதத்தையும் படிக்கவா என்று அவள் ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், சுருக்கியதையே படித்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் சுருக்கிய தாளைப் படிப்பாள், அவர் மென்றுகொண்டே சொல்வார், இவள் எழுதிக்கொள்வாள். ஐந்து குழந்தைகளும் இருபத்தைந்து நிமிடத்தில் குணமாகிவிடும்.

இப்படி எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரே தாள். அதில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

'மதிப்புக்குரிய ஆசிரியருக்கு. ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்னால் உங்கள் பத்திரிகையில், பேசாத பெண் குழந்தையைப் பற்றி வந்த கேள்வி நான் அனுப்பியது. என் மகளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் அனுப்பிய கடிதத்தில், தட்டு விழுந்ததைப் பற்றி எழுதியிருந்தேனா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.'

கீழே ஒரு போன் நம்பர். வேறு ஒன்றும் இல்லை. திட்டு இல்லை, சாபம் இல்லை.

கத்திரி அதை மூன்று முறை படித்தாள். தட்டு என்ற சொல் அவளுக்கு எதையும் நினைவூட்டவில்லை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான கடிதங்கள் அவள் பென்சிலுக்கடியில் போயிருக்கின்றன. ஆனாலும் பழைய இதழை எடுத்துப் பார்த்தாள். கேள்வி இருந்தது, முப்பத்தெட்டாவது இதழில், மூன்றாவதாக.

'என் மகளுக்கு இருபது மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவள் அப்பாவும் சிறுவயதில் தாமதமாகத்தான் பேசினாராம். நான் பயப்பட வேண்டுமா?'

பதிலும் இருந்தது. பயம் வேண்டாம், தகப்பன் தாமதமாகப் பேசியவர் என்றால் மகளும் நேரம் எடுத்துக்கொள்ளலாம், மூன்று வயதை நெருங்கும்வரை பொறுத்துப் பாருங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் உறங்கவைக்கும்போதும் குழந்தையோடு வாய் ஓயாமல் பேசுங்கள். நீங்கள் கொட்டுகிற பேச்சு ஒருநாள் திரும்பி வரும். அந்தக் கடைசி வரி டாக்டர் சொன்னதில்லை. இடம் கொஞ்சம் மிஞ்சியது, கத்திரிதான் சேர்த்தாள். அழகாக இருக்கிறது என்று ஆசிரியர்கூடப் பாராட்டினார்.

கடிதங்களை இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டுப் பழைய காகிதத்தோடு அனுப்பிவிடுவது வழக்கம். அதனால் இருக்க வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் இருந்த கிடங்கு அறைக்குப் போய், இதழ் எண் போட்டுக் கட்டிவைத்த கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். தூசி மூக்கில் ஏறித் தும்மல் பின்னி எடுத்தது. முப்பத்தெட்டாம் கட்டின் கயிற்றை அவிழ்த்தபோது, கிடைக்காமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததை அவளால் பின்னால் மறக்க முடியவில்லை.

கிடைத்தது. அதே கோடு போட்ட நோட்டுத் தாள், மூன்று பக்கம். அவள் வழக்கப்படி வேண்டாத பத்திகளின்மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். முதல் பக்கம் முழுக்கக் கோடு. தகப்பன் தாமதமாகப் பேசினார் என்பதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு டிக். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சு அது, பொதுவானது. அதற்குக் கீழே, இரண்டாம் பக்கத்து நடுவில், கோட்டுக்கு அடியில் அது இருந்தது. தட்டு விழுந்திருந்தது.

கிடங்குத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வந்தது. கடிதம் ஞாபகம் வரவில்லை, போன்தான் வந்தது. கேள்வியைப் படித்து முடித்ததும் டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். "காது நல்லாக் கேக்குதாமா பிள்ளைக்கு?" என்று கேட்டார். இவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தான் சுருக்கிய தாளை. நாற்பது சொல்லுக்குள் அடங்கிய தாளை. "அதப் பத்தி ஒண்ணும் எழுதல டாக்டர்" என்றாள். அவர் சரி என்று பதிலைத் தொடர்ந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை வெட்டியது புதன்கிழமை மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மேல் மனசு ஒப்பவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பாவம் என்றார். நிஜமாகவே பாவம் என்றுதான் சொன்னார். பிறகு பத்திரிகையின் தலையெழுத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். பதினொரு வருடப் பக்கம், இது வெளியே போனால் யார் நம்புவார்கள், டாக்டர் பெயரும் கெடும் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "பழைய கடிதம்லாம் இப்ப கைவசம் இல்லன்னு ரெண்டு வரி எழுதிப் போட்ருங்கம்மா. அந்தம்மாவுக்கும் இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றார்.

அவள் இருக்கைக்கு வந்து அந்த இரண்டு வரியை எழுதினாள். சுருக்கமாக எழுதுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லையே. 'வருந்துகிறோம். பழைய கடிதங்கள் எங்களிடம் பாதுகாக்கப்படுவதில்லை.' ஐந்தே சொல். உறையிலும் போட்டுவிட்டாள். ஒட்டுவதற்குக் கை போகவில்லை. எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். இந்த ஐந்து சொல்லும் போய்ச் சேர்ந்தால் அந்தச் சந்தேகம் சாகும்வரை அவளோடு இருக்கும். பெற்ற மகளுக்குக் காது கேட்காததைக்கூடக் கவனிக்காத அம்மா என்று வீடு சொல்லும். போகப் போக அவளும் நம்பிவிடுவாள். வரியை வெட்டியது போதாது, இப்போது அதை எழுதிய கையையும் சேர்த்து வெட்டச் சொல்கிறார்கள் என்று கத்திரிக்குத் தோன்றியது. உறையைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

முதலில் டாக்டரைக் கூப்பிட்டாள். புதன்கிழமை இல்லாத நாளில் அவள் கூப்பிட்டதால் அவர் பதறிப்போய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவள் கடிதத்தை முழுக்கப் படித்தாள். இந்தத் தடவை அவர் சுருக்கமாகச் சொல்லச் சொல்லவில்லை.

"நான் காது கேக்குதான்னு கேட்டேனேம்மா" என்றார்.

"கேட்டீங்க டாக்டர். நான்தான் எழுதலன்னு சொன்னேன்."

மறுமுனையில் ஏதோ குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடிதத்தில் அந்த அம்மா எழுதியிருந்த மாதிரிக் காய்ச்சல் மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும், அப்படியே உள்காதையும் பிடிக்கும், அதனால்தான் காய்ச்சல் விட்டதுமே காதைச் சோதிக்கச் சொல்வது என்று விளக்கினார். விட்டுவிட்டால் உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பதற்கு முன்னால் கருவி பொருத்தினால் கேட்க வைக்க வழி உண்டு. அடைத்துவிட்டால் கஷ்டம். அந்தக் கடிதம் வந்த மாதத்தில் எந்த அளவு இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். "ஆனா அந்த ஒரு வரி காதுல விழுந்திருந்தா நான் சாப்பாட்ட வச்சிட்டு எந்திரிச்சிருப்பேன். அது மட்டும் நிச்சயம்." அப்புறம், "முழுசாப் படிக்க வேணாம்னு சொன்னது நானு. எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே தலைல தூக்கிப் போட்டுக்காதீங்க" என்றார்.  அந்தப் பெண் சம்மதித்தால் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

தலைச்சுமையைப் பாதியாக்க ஆள் கிடைத்தும் அது இம்மிகூடக் குறையவில்லை.

கத்திரி போன் செய்து கூப்பிட்டிருந்த அந்தப் பெண் சனிக்கிழமை மதியம் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்திருந்ததை ஊக்கு குத்தி மறைத்திருந்தாள். கூடவே மகள், மூன்றரை வயது, துருதுருவென்று. வந்ததும் வராததுமாக வரவேற்பறையின் மீன்தொட்டியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றுவிட்டது. கத்திரி அவர்களை ஆசிரியர் அறையைத் தாண்டி, பழைய இதழ்கள் வைத்திருக்கும் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மேசை, மூன்று நாற்காலி. கதவு காற்றில் டமாரென்று அடித்துச் சாத்திக்கொண்டது. அம்மாவும் கத்திரியும் திடுக்கிட்டார்கள். குழந்தை நாற்காலியில் ஏறுவதில் மும்முரமாக இருந்தது.

 அந்தப் பெண்தான் பேச்சைத் தொடங்கினாள். டாக்டர் சொன்னபடியே செய்ததாகச் சொன்னாள். பத்திரிகையிலிருந்து அந்தப் பதிலைக் கத்தரித்துச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்திருந்தாளாம். துணி துவைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துப் பேசிக்கொண்டே இருப்பாளாம். கதை தீர்ந்து போனால் கடைக்குப் போன கதை, பஸ் தவறிய கதை. கணவர்கூட, உன் வாய் வலிக்காதா என்று கேட்பாராம். மூன்று வயதாகப்போகும்போதும் ஒரு சத்தமும் வரவில்லை என்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சோதித்த பெண் மருத்துவர், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

"பேசிட்டிருந்தேன்னு சொன்னேன்" என்றாள் அந்தப் பெண்.

இதற்கிடையில் குழந்தை நாற்காலியில் எழுந்து நின்று, அம்மாவின் தாடையைக் கையால் பிடித்துக் கீழே இழுத்தது. அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். குழந்தை மறுபடியும் பிடித்தது. கத்திரி பார்ப்பதைக் கண்டு அவள் சொன்னாள்.

"வாய அசைக்கச் சொல்றா. அவளுக்குக் கேக்கலன்னாலும் நான் பேசறதப் பாத்துட்டே இருப்பா. காது கேக்கலன்னு ஆஸ்பத்திரில சொன்ன அன்னையிலருந்து எனக்குப் பேச வரல மேடம். யாருக்குப் பேசறதுன்னு ஆயிடுச்சு. இவ விட மாட்டேங்கறா. நாள் பூரா தாடையப் பிடிச்சு இழுக்கறா."

கத்திரி கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "நீங்க எழுதியிருக்கீங்கம்மா. வெட்டினது நான்" என்றாள். பிறகு டாக்டர் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு விஷயத்தைச் சுருக்காமல் சொன்னாள்.

அந்தப் பெண் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அழவில்லை. "எழுதியிருக்கேன்" என்றாள், தனக்குத்தானே. "எழுதித்தான் இருக்கேன்." நிமிர்ந்தாள்.

"இது ஏன் வேணாம்னு தோணிச்சு மேடம் உங்களுக்கு?"

"எல்லாருக்கும் பொருந்தற மாதிரிக் கேள்விதான் போடுவோம். இது பொருந்தாதுன்னு..."

"எல்லாருக்கும் நடக்கலையே. எனக்குத்தானே நடந்துச்சு."

 அதற்குப் பதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எந்த அயோக்கியத்தனமான வாக்கியத்தையும் கத்திரி சொல்லவில்லை என்பதை மட்டும் அவள் பக்கம் எழுதிக்கொள்ளலாம். மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, அவரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அது உங்களுடையதுதான் என்றாள் கத்திரி. அலுவலகத் தாள் ஒன்றை எடுத்து, இந்த வரிகளை இந்தத் தாய் எழுதியிருந்தார், அச்சுக்குப் போகாமல் நீக்கியது நான், மருத்துவர் கேட்டபோது இல்லை என்று சொன்னதும் நான் என்று எழுதினாள். கீழே, யாரும் கூப்பிடாத தன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி நினைக்க அப்போது இடமில்லை.

குழந்தை மறுபடியும் தாடையைப் பிடித்து இழுத்தது. இந்தத் தடவை அந்தப் பெண் கையை விலக்கவில்லை. மகளைத் தூக்கி மேசைமேல் தன் முகத்துக்கு நேராக உட்கார வைத்தாள். தொண்டையைச் செருமினாள். எத்தனையோ நாளாக மகளிடம் பேசாத தொண்டை, முதல் சொல் உடைந்துதான் வந்தது. கடிதத்தை முதல் வரியிலிருந்து மகளுக்குப் படிக்கத் தொடங்கினாள். பிரசவ வலி எடுத்த காலையைப் படித்தாள், மாமியார் சொன்னதைப் படித்தாள், அப்பா தாமதமாகப் பேசியதைப் படித்தாள். கத்திரி சுவரோரமாக நின்று கேட்டாள். இரண்டாம் பக்கம் வந்தது. சிவப்புக் கோடு வந்த இடத்தில் அவள் நிற்கவில்லை.

"பதினோராம் மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்து, கழுத்து விறைத்துப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கு முன்னால் அம்மா, அம்மா என்று ஏதோ சத்தம் போடுவாள். இப்போது அதுவும் இல்லை. நேற்று என் கையிலிருந்து தட்டு தவறி விழுந்தது. பக்கத்து வீட்டிலிருந்துகூட என்னவென்று எட்டிப் பார்த்தார்கள். இவள் திரும்பவில்லை."

மூன்று பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை குழந்தை அம்மாவின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.